அரக்கு முத்திரை வைத்த எதிரொலி

"துறை: கட்டிங். தேவைப்படும் பொருள்: கிடாருக்கு எக்கோ பெட்டி, சின்னது. எண்ணிக்கை: 1. காரணம்: புது ஷெட் திறப்பு விழா. அவசரமா: ஆம், ரொம்ப."

1993 செப்டம்பரில் எங்கள் கம்பெனியில் பொருள் கேட்டு எழுதப்பட்ட ஓர் இன்டென்ட் சீட்டின் கார்பன் நகல் இது. என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 'ரொம்ப' என்ற சொல்லுக்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. எழுதியவர் அதை ஓரத்தில் நெருக்கி நுழைத்திருந்தார். நான் அதற்கும் கீழே, 'பொருள் விளங்கவில்லை, நேரில் வரவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

போன மாதம் கம்பெனியில் இன்று ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்ததால்தான் இதையெல்லாம் வெளியே எடுத்தேன். அவளும் கிடார் வாசிப்பவளாம். "அங்கிள், கம்மி விலையில சின்னதா ஒரு ரிவெர்ப் பெடல் வாங்கணுங்க. போன்ல நெறைய வீடியோ பாத்துட்டேன். எல்லாமே நல்லா இருக்குது. அதுதான் பிரச்சினையே. நீங்க அந்தக் காலத்துலயே ஒண்ணு வாங்குனீங்களாமா?" என்றாள். வாங்கினேன். வாங்கிய கதையைச் சொல்லி முடித்தபோது அவளுடைய டீ ஆறியிருந்தது. எழுதியே கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் உத்தியோகத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1979இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஸ்டோரில் நூல் கோன்களை எண்ணும் வேலைக்குச் சேர்ந்தேன். சில வருடம் எண்ணிய பிறகு பர்ச்சேஸுக்கு மாற்றினார்கள். அதற்குப் பயிற்சி என்றால், முதலாளி பொருள் வாங்கும்போது பின்னால் நின்று பார்ப்பது, அவர் திட்டும்போது முன்னால் நின்று கேட்பது. ஓய்வு பெறும் வரை ஊசியிலிருந்து பாய்லர் வரை வாங்கியிருக்கிறேன். பாட்டு சம்பந்தப்பட்ட பொருள் அந்த ஒன்றுதான்.

முதலாளி சென்னியப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் எந்தப் பொருளையும் முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். துணி என்றால் சரி. அட்டைப்பெட்டி, பட்டன், டீத்தூள், கம்பெனி வேனுக்கு வாங்கிய டயர் எல்லாவற்றுக்கும் அதே தேய்ப்புதான். தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். திறந்து "ஆகட்டுமுங்க" என்றால் ஒப்புதல். "பாக்கலாமுங்க" என்றால் அந்தப் பொருளை மறுபடி அவர் கண்ணில் காட்டக் கூடாது. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். சாதாரணமாக என்னைப் 'பாய்' என்பவர், "ஏனுங்க பாய், தாங்கள் இதை எங்கிருந்துங்க கண்டுபிடிச்சீங்க?" என்று ஆரம்பித்தால், அன்று சாயங்காலம் வரை அவர் அறைப் பக்கம் யாரும் போக மாட்டோம்.

அவருடைய பெரிய விதி சாம்பிள் விதி. எதை வாங்குவதானாலும் முதலில் சாம்பிள் வர வேண்டும். பிடித்தால் அதன் அட்டையில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். அந்தச் சாம்பிளைப் பாலித்தீன் பையில் போட்டு, நூலால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றிக் கம்பெனி முத்திரையை அழுத்துவது என் வேலை. பின்னால் வரும் மொத்தச் சரக்கு, அதாவது 'பல்க்', அந்தச் சாம்பிளோடு ஒத்துப்போக வேண்டும். முத்திரையை உடைக்க அவர் கையெழுத்து வேண்டும். எண்பதுகளில் ஒருமுறை, ஒப்புதலான நீலமும் தயாரான நீலமும் வேறாகிப்போய் ஒரு சரக்கு மொத்தமும் கடல் தாண்டித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் அரக்குக் குச்சி செலவு கூடியது.

இன்டென்ட் எழுதியவர் கட்டிங் மாஸ்டர் ஜெபராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒரே வெட்டில் அடுக்குத் துணியைப் பிசிறில்லாமல் இறக்குபவர். கம்பெனியில் ஆட்களே சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். அதில் எலக்ட்ரிக் கிடார் அவர், டிரம்ஸ் நிட்டிங் மெக்கானிக் முருகேசன். சீட்டைக் கையில் பிடித்தபடி ஜெபராஜ் வந்தார்.

"என்ன பாய், பொருள் விளங்கலன்னு எழுதிட்டிய? எக்கோ பெட்டி பாய். கிடார் வயர் இது வழியாப் போயி ஸ்பீக்கருக்குப் போவும். கால்ல மிதிப்போம்லா."

"கம்பெனிச் செலவுல வாங்கிக் கால்ல மிதிக்கறதுக்கா? முதலாளிகிட்ட இதை நான் எப்படிங்க சொல்றது?"

"மிதிச்சாத்தான் சத்தம் தங்கும் பாய். இல்லன்னா டிங்குன்னு வரும், செத்துப் போவும். தகரத்துல கல்லு விழுந்த மாதிரி."

"இத்தனை நாள் அப்படித்தானே வாசிச்சீங்க?"

ஜெபராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே இது பாட்டு விவகாரம் மட்டுமல்ல என்று தெரிந்தது. செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்த செல்வராணியைக் கட்டிக்கொள்ள விரும்பினார். அவளுக்கும் சம்மதம். இருவரும் ஒரே ஊர்ப் பக்கம், ஒரே சபை, எந்தத் தடையும் இல்லை. செல்வராணியின் அப்பா ஞானமுத்து வாத்தியார்தான் தடை. அவர் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் வருடக்கணக்காகப் பாடகர் குழுவை நடத்தி, ஆர்மோனியம் வாசித்தவர். கிடார் வாசிக்கிற மாப்பிள்ளையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்.

"கட்டிங் மாஸ்டர்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் பாய். அதுக்கு அவிய, 'துணி வெட்டுறது தொழிலு, அது சரி. சாயங்காலம் என்ன செய்யுதான்?' அப்டின்னு கேட்டாவளாம். ராணி கிடார்னு சொல்லிட்டா. 'கம்பி கட்டுன பலகையா? அதுல சத்தம் தங்காதே. சத்தம் தங்காதவன்கிட்ட பிள்ள எப்படித் தங்கும்?'னுட்டாவ."

இந்த வாதத்தில் இருந்த தர்க்கத்தை நான் இரண்டு முறை யோசித்தும் பிடிக்க முடியவில்லை. ஆனால் பெண்ணின் தகப்பனார் சொன்னால் அது தர்க்கம்தான்.

"திறப்பு விழாவுக்கு வாராவ பாய். எல்லாருக்கும் முன்னால கேட்டுட்டு, அன்னைக்கே முடிவு சொல்லுதேன்னுட்டாவ."

ஆக, எங்கள் பர்ச்சேஸ் பிரிவின் வரலாற்றில் முதல் முறையாக ஒரு இன்டென்ட் சீட்டில் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலாளியிடம் கல்யாணக் கதையைச் சொல்லாமல் விழாக் கதையை மட்டும் சொன்னேன். முதலிபாளையத்தில் கட்டி முடித்திருந்த புது ஷெட்டை ஆயுத பூஜையன்று திறப்பதாக ஏற்பாடு. நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒருவர் வருகிறார். அவர் முன்னால் நம் ஆட்களே பாடினால் கௌரவம் என்றேன். முதலாளி யோசித்தார்.

"வாங்கலாமுங்க. ஆனா ஒரு தையல் மிஷின் மோட்டார் வெலைக்கு மேல போகக்கூடாதுங்க. சரி, எக்கோங்கறது எந்த ஷேடுங்க? லைட்டா, மீடியமா, டார்க்கா?"

நான் ஜெபராஜைப் பார்த்தேன். "மீடியம் முதலாளி" என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல்.

"அப்ப சாம்பிள் காட்டுங்க."

வாங்கப் போகிற பெட்டி கையில் இல்லை. எந்தச் சத்தம் வேண்டும் என்று வாயால் சொல்லிக் காட்டவும் முடியாது. முருகேசனுக்குத்தான் யோசனை வந்தது. புது ஷெட் காலியாகக் கிடந்தது. சிமெண்ட் தரை, பூசிய சுவர், தகரக் கூரை. உள்ளே நின்று தும்மினால், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வரும் தும்மலுக்கு நாமே "நல்லா இருங்க" என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே போய்க் கிடாரை வாசித்தால், பெட்டி இல்லாமலே சத்தம் தங்கும்.

மூவரும் முதலாளியை அழைத்துக்கொண்டு போனோம். ஜெபராஜ் ஷெட்டின் ஒரு முனையில் நின்று சின்னதாக ஒரு மெட்டு வாசித்தார். சத்தம் கூரையில் ஏறி, சுவரில் இறங்கி, மெதுவாகக் கரைந்தது. தண்ணீரில் விட்ட சாயச் சொட்டு விரிவதைப் போல என்று அன்றைய என் குறிப்பில் எழுதியிருக்கிறேன். முதலாளி கண்ணை மூடி, விரல்களை இல்லாத ஒரு துணியின் மேல் தேய்த்தார்.

"ஆகட்டுமுங்க. இதேதான் வேணும். இதுக்குக் கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

அந்த வாசிப்பை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தோம். கேசட் அட்டையில் பச்சைக் கையெழுத்து விழுந்தது. பாலித்தீன் பை, நூல், அரக்கு, முத்திரை. ஒப்புதலான எதிரொலி தயார். எதிரொலிக்கு முத்திரை குத்திய ஆள் கொங்கு நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரதி கேசட்டும் எடுத்துக்கொண்டோம். அதுவும் விதிதான்.

அடுத்தது பொருள் தேடல். மூன்று இடத்தில் விலை கேட்காமல் எங்கள் கம்பெனியில் குண்டூசி கூட வாங்க முடியாது.

சோதனை நடத்தத் துணி ரூமைத் தேர்ந்தெடுத்தோம். நிட்டிங் மிஷின் ஓடுகிற இடத்தில் ஒன்றும் கேட்காது. துணி ரூமில் தரையிலிருந்து கூரை வரை பனியன் துணி ரோல்களாக அடுக்கியிருக்கும். அங்கே நின்று ஒருவன் கத்தினாலும் அடுத்த அறைக்குக் கேட்காது. அந்த அமைதி எங்களுக்கு வசதியாக இருந்தது. ஏன் கேட்பதில்லை என்று யாரும் யோசிக்கவில்லை.

முதல் பெட்டி, மைக் செட்காரர் ஒருவர் கொண்டுவந்தது. கூட்டத்தில் பேசுகிறவர்களுக்காகச் செய்தது. ஜெபராஜ் ஒரு ஸ்வரம் தட்டினார். அது வந்தது. மறுபடி வந்தது. போய்விட்டது என்று நினைத்தபோது மூன்றாவது முறை வந்து எட்டிப் பார்த்தது.

"இது பஸ் ஸ்டாண்டுல கடலை விக்கற மாதிரி இருக்குதுங்களே" என்றார் முதலாளி. "சொன்னதையே சொல்லிட்டு. பாக்கலாமுங்க."

எதிரொலி வேறு, ஜெபராஜ் கேட்பது வேறு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. எதிரொலி என்றால் போன சத்தம் தனியாகத் திரும்பி வருவது. ரிவெர்ப் என்றால் சத்தம் போகவே மனமில்லாமல் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பது. எங்கள் வீட்டு விருந்தாளிகளில் இரண்டு வகையும் உண்டு என்பதால் எனக்குச் சுலபமாகப் பிடிபட்டது.

இரண்டாவது, அனுப்பர்பாளையத்தில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் ராமசாமியின் சொந்தத் தயாரிப்பு. உள்ளே நீளமான ஸ்பிரிங்குகளைக் கட்டி, அதன் வழியாகச் சத்தத்தை அனுப்புவார். பெட்டிக்கு அவர் எங்கும் அலையவில்லை. பக்கத்துப் பட்டறையில் வாங்கிய எவர்சில்வர் டிபன் பாக்ஸையே பயன்படுத்தியிருந்தார். முதலாளி அதை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல கேஜ் பாத்திரமுங்க. வெலையும் கம்மி. சோறும் கொண்டுபோலாம்."

"உள்ள ஸ்பிரிங் இருக்குதுங்க சாமி" என்றார் ராமசாமி, கொஞ்சம் வருத்தத்தோடு.

சத்தம் மோசமில்லை. கிணற்றுக்குள் வாசிப்பது போல ஒரு துள்ளல் இருந்தது. ஆனால் காலால் மிதிக்க வேண்டிய பொருள் அல்லவா? ஜெபராஜ் பாதத்தை வைத்து அழுத்தியதும் ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று மோதி, ஸ்பீக்கரில் இடி விழுந்தது. டீ கொண்டுவந்த ஆள் தட்டோடு துணி ரோல்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான். ஏற்றுமதிக்கு வைத்திருந்த வெள்ளைத் துணி ஒரு ரோல் அன்று டீ நிறத்துக்கு மாறியது.

"ஏனுங்க பாய்" என்றார் முதலாளி, மிக மென்மையாக. "தாங்கள் இந்த இடிப் பெட்டியை எங்கிருந்துங்க கண்டுபிடிச்சீங்க?"

மூன்றாவதற்காகக் கோயம்புத்தூர் போனேன். ஒரு வாத்தியக் கடையில், சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்றுவிட்டுப் போன ஜப்பான் பெட்டி ஒன்று இருந்தது. ஒரு சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, நல்ல கனம். மேலே நாலு குமிழ். அழுத்தினால் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு. எவ்வளவு சத்தம் தங்க வேண்டும், எவ்வளவு நேரம் தங்க வேண்டும், அறையில் தங்குவது போலவா மண்டபத்தில் தங்குவது போலவா என்று குமிழைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொன்ன விலைக்கு இரண்டு மோட்டார் வாங்கலாம். நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இருக்க வேண்டிய ரப்பர் இல்லை.

"இது செகண்ட்ஸுங்க" என்றேன்.

"ரப்பருக்கும் சத்தத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"பனியன்ல கழுத்துப் பட்டி ஒரு நூல் பிரிஞ்சிருந்தாலும் போட்டா ஒடம்பு மூடும். ஆனாலும் செகண்ட்ஸ் செகண்ட்ஸ்தானுங்க. எங்க ஊர்ல பாதி வெலை."

பாதிக்கு வரவில்லை, ஆனால் மோட்டார் விலைக்கு வந்தது. அடிக்கு எங்கள் ஸ்டோரில் இருந்த பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டினேன். அசல் ரப்பரைவிட அது நன்றாகவே இருந்தது.

துணி ரூமில் ஒப்பீடு. ஒரு பக்கம் டேப் ரெக்கார்டரில் பிரதி கேசட், மறு பக்கம் ஜெபராஜ். முதலாளி நடுவில் கண்ணை மூடி நின்றார். குமிழைப் பாதி வைத்து வாசித்தபோது, "லைட்டுங்க" என்றார். முக்காலுக்குத் திருப்பினோம். "இன்னும் ஏறோணும்." ஏற்றினோம். துணி ரோல்கள் எங்களைச் சுற்றி நின்று, வருகிற சத்தத்தையெல்லாம் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் குமிழ்கள் எல்லாம் ஏறக்குறைய முனையைத் தொட்டபோதுதான் கேசட்டும் கிடாரும் ஒன்றாகக் கேட்டன.

"ஆகட்டுமுங்க. சாம்பிளும் பல்க்கும் ஒண்ணு. பாய், அரக்கு வெச்சுருங்க."

"எதுக்கு மேலங்க?"

"அந்தத் திருகுக்கு மேலதானுங்க. நாளைக்கு ஆராச்சும் திருப்பிப்போட்டா ஷேடு மாறிப்போகுமுல்ல?"

நாலு குமிழின் மேலும் அரக்கு ஊற்றி முத்திரை குத்தினேன். ஜெபராஜ் தன் கைக்குழந்தைக்கு ஊசி போடுவதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆயுத பூஜையன்று காலையில் புது ஷெட்டில் வாழைக்கன்றும் மாவிலையும் கட்டி, தையல் மிஷின்களுக்குச் சந்தனம் வைத்தாகிவிட்டது. முதலாளி பையரை அழைத்துவரக் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குப் போயிருந்தார். ஜெபராஜ் பெட்டியை மிதித்தார். விளக்கு எரிந்தது. ஒரு கம்பியைத் தட்டினார்.

சத்தம் வந்தது. போகவில்லை. அடுத்த ஸ்வரம் வந்து அதன் மேல் ஏறியது. நாலாவது ஸ்வரத்தில் எது எந்தக் கம்பி என்று வாசித்தவருக்கே தெரியவில்லை. ஷெட் முழுக்க ஒரு பெரிய தேனீக்கூடு மாதிரி ரீங்காரம்.

முருகேசன்தான் முதலில் டிரம் குச்சியைக் கீழே போட்டான். "ஏனுங்க பாய், அந்தக் கேசட்டை எங்க எடுத்தோமுங்க?"

"இங்கதான்" என்றேன்.

"இப்ப எங்க வாசிக்கறமுங்க?"

இந்த ஷெட்டின் ரீங்காரத்தைச் சாம்பிளாக எடுத்து, துணிக்கு நடுவில் வைத்துப் பெட்டியில் அதே அளவு ஏற்றி, இந்த ஷெட்டுக்கே திரும்பக் கொண்டுவந்திருந்தோம். சாயம் போட்ட துணியை மறுபடி சாயத் தொட்டியில் இறக்கியது போல. திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறையிலும் கடைநிலை ஆள் கூடச் செய்யாத காரியம். ஒரு முதலாளி, ஒரு மாஸ்டர், ஒரு மெக்கானிக், ஒரு பர்ச்சேஸ் ஆள் சேர்ந்து பச்சைக் கையெழுத்தோடு செய்திருந்தோம்.

"குமிழைத் திருப்பிருவோம் பாய். ஒடச்சிருங்க."

"முதலாளி கையெழுத்து வேணுங்க மாஸ்டர்."

"அப்ப நான் மிதிக்கலப்பா. பெட்டி இல்லாமயே வாசிக்கேன். இங்கதான் சத்தம் தன்னால தங்குதே."

அது நல்ல வழிதான். ஆனால் முதல் நாளே முதலாளி மேடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "மாஸ்டர், அந்தச் செவப்பு லைட்டு அணையவே கூடாதுங்க. ஜப்பான் சாமான்னு பையர் பாக்கோணும்." மிதித்து அணைத்தால் விளக்கும் அணையும்.

முதலாளியும் பையரும் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரியவர் என்பதால் ஞானமுத்து வாத்தியாரையும் முதலாளியே அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, முழங்காலுக்கு நடுவில் நிமிர்த்திய குடை. நான் அவருக்குப் பின் வரிசையில் இருந்தேன். என் பக்கத்தில் செல்வராணி கைக்குட்டையை முறுக்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

முதல் பாட்டு தொடங்கியது. பாதியில் வாத்தியார் மெதுவாகப் பின்னால் திரும்பி என்னைக் கேட்டார்.

"தம்பி, கிடாரு எத்தன பேரு வாசிக்காவ?"

"ஒருத்தர்தானுங்க ஐயா."

"அப்படியா? எனக்கு அஞ்சாறு பேரு வாசிக்க மாதிரி கேக்கு. அதுலயும் ஒருத்தனுக்கொருத்தன் பேச்சுவார்த்த இல்ல போலுக்கு."

செல்வராணி கண்ணை மூடிக்கொண்டாள். நான் எழுந்து குனிந்தபடி முதலாளியிடம் போய்க் காதில் சொன்னேன். முத்திரையை உடைக்க அனுமதி வேண்டும், ஒரு சின்னக் கையெழுத்துப் போதும். அவர் சிரித்த முகம் மாறாமல், பையருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அப்ரூவ் ஆனதுங்க பாய். பையரைப் பக்கத்துல வெச்சுட்டு முத்திரையை ஒடச்சோமுன்னா, நாளைக்கு அவுங்க துணியிலயும் ஒடைப்போம்னு நெனைக்க மாட்டாங்களா? தாங்கள் போய் உக்காருங்க."

தாங்கள் என்று வந்துவிட்டது. போய் உட்கார்ந்தேன்.

இரண்டாவது பாட்டில் வாத்தியார் குடைக் கைப்பிடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். மூன்றாவதில் காதுக்குப் பக்கத்தில் கை போனது. பையர் மட்டும் சிவப்பு விளக்கைக் காட்டி ஏதோ கேட்டார். முதலாளி "ஜப்பான், ஜப்பான்" என்றார் பெருமையோடு. முதலாளிக்கு அந்தத் தேனீக்கூடு பிடித்திருந்தது போலத்தான் இருந்தது. அல்லது பிடித்த மாதிரி இருப்பதும் அவருடைய விதிகளில் ஒன்றாக இருக்கலாம்.

இடையில் சாப்பாடு. அந்த நேரத்தில் பழைய கம்பெனியிலிருந்து மீதி ஆட்கள் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். புதுச் சிமெண்ட் தரை குளிரும் என்று பெண்கள் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளை வேனிலேயே போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஆளுக்கொரு மூட்டை போட்டு உட்கார்ந்ததும் ஷெட்டில் கால் வைக்க இடமில்லை. சுவரோரம் எல்லாம் ஆட்கள். நான் மிக்சர் பொட்டலம் எண்ணிக் கொடுப்பதில் மாட்டிக்கொண்டேன். இதைச் சொல்லக் காரணம், அந்த நேரத்தில் மேடையில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை என்பதுதான்.

கடைசியாக, பாட்டுக்காரர்கள் இறங்கிய பிறகு, ஜெபராஜ் தனியாக நின்றார். அவர்கள் ஊர்க் கோயிலில் அறுப்புப் பண்டிகைக்கு வாசிக்கிற ஒரு மெட்டை ஆரம்பித்தார். நான் மிக்சர் பெட்டியோடு நின்றுவிட்டேன்.

ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக வந்தது. வந்து, நின்று, அடுத்ததற்கு இடம் விட்டு நகர்ந்தது. அன்று காலியான ஷெட்டில் முதலாளி கண்ணை மூடிக் கேட்ட அதே சத்தம். இதுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாத்தியாரின் நெற்றி குடையிலிருந்து எழுந்தது. விரல்கள் கைப்பிடியின் மேல் ஆர்மோனியக் கட்டையைத் தேடுவது போல அசைந்தன.

கடைசி ஸ்வரம். யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். வாத்தியார் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையை உயர்த்தினார். பாடகர் குழுவை நடத்திய கை அல்லவா, மொத்தக் கூட்டமும் அடங்கிவிட்டது. சத்தம் கூரை வரை போய்க் கரையும் வரை அந்தக் கை இறங்கவில்லை. பிறகு இறங்கியது.

"தங்குச்சுடே" என்றார்.

ஜெபராஜ் மேடையிலிருந்து இறங்கி வந்து நின்றார். வாத்தியார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேடையில் இன்னமும் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கைக் குடையால் சுட்டிக்காட்டினார்.

"மொதல்ல நீ கை நடுங்கி வாசிச்ச, அதான் கலங்கிப் போச்சு. பொறவு சரியாயிட்டு. அந்தப் பெட்டியப் பத்திரமா வச்சுக்கோ. கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல அதையும் கொண்டாந்து வாசிக்கணும், என்ன?"

"சரி மாமா" என்றார் ஜெபராஜ். அவர் முகத்தில் மகிழ்ச்சியோடு இன்னொன்றும் இருந்ததாக எனக்குப் பட்டது.

நான் மேடைக்கு ஓடினேன். நாலு குமிழிலும் அரக்கு அப்படியே இருந்தது. முத்திரையில் ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் நான் போவதற்குள் முருகேசன் வயர்களையெல்லாம் பிடுங்கிச் சுருட்டி முடித்திருந்தான். பெட்டி மட்டும் கரண்ட் அடாப்டரில் மாட்டியபடி, யாருக்கும் வேலை செய்யாமல், சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, ஜெபராஜ் சொல்வது. பெட்டி இணைப்பில்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வந்த கூட்டமும் துணி மூட்டைகளும் ஷெட்டின் ரீங்காரத்தைக் குடித்துவிட்டன. ஷெட் துணி ரூம் மாதிரி ஆகிவிட்டதால் பெட்டி சரியாகக் கேட்டது. இதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்று, முருகேசன் பல வருடம் கழித்து ஒரு டீக்கடையில் சொன்னது. சாப்பாட்டு நேரத்தில் கிடார் வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கி நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகிவிட்டார்களாம். விளக்கு எரிவதற்காகப் பெட்டியைச் சும்மா வைத்திருந்தார்களாம். இதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதைச் சொன்ன அன்று முருகேசன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அவன் டீ வாங்கிக் கொடுத்தால் உண்மையைக் கொஞ்சம் கழித்துத்தான் கொள்ள வேண்டும்.

அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. கோயிலுக்கும் உயரமான கூரை. ஜெபராஜ் மாப்பிள்ளைக் கோட்டோடு பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, விளக்கை எரியவிட்டு வாசித்தார். சத்தம் அருமையாக இருந்தது. நான் குனிந்து வயர் எங்கே போகிறது என்று பார்க்க முயன்றேன். மணப்பெண்ணின் வெள்ளைச் சேலை முந்தானை அதன் மேல் விழுந்திருந்தது. அது தானாக விழுந்ததா என்பதையும் நான் தீர்மானிக்கவில்லை.

மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு நான் சொன்னது ஒன்றுதான். எந்தப் பெட்டி வேண்டுமானாலும் வாங்கிக்கொள், ஆனால் வாசிக்கப் போகிற இடத்தில் வைத்துக் கேட்டுப் பார். கூட்டம் வந்த பிறகும் ஒருமுறை கேள். அரக்கு வேண்டாம்.

இதை எழுதி முடிக்கும் முன் செல்வராணிக்குப் போன் செய்து கேட்டேன். ஞானமுத்து வாத்தியார் இப்போது இல்லை. உண்மையைச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை என்றேன். அவள் சிரித்தாள். "பாய், லைட்டு எரிஞ்சிச்சி. அத நான் பாத்தேன். எங்கப்பாவும் பாத்தாவ. வயரப் பத்தி எனக்கு என்ன தெரியும்? நான் செக்கிங்ல இருந்தவ, வெளிய தெரியுத கொறையத்தான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு, போனை ஜெபராஜிடம் கொடுத்தாள். அவர் மழையைப் பற்றி விசாரித்தார்.

ஆகவே, 1993 ஆயுத பூஜையன்று கடைசி மெட்டு வாசிக்கப்பட்டபோது கிடாரின் வயர் பெட்டி வழியாகப் போனதா, நேராகப் போனதா என்பது இன்றைய தேதி வரை உறுதிப்படுத்தப்படவில்லை. விளக்கு எரிந்தது என்பதற்குச் சாட்சிகள் உண்டு.